கணக்காளருக்குத் தகவல் அமைப்புத் தணிக்கைச் சான்றிதழ்: தென்னாப்பிரிக்காவிலிருந்து விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் கணக்குத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கணினித் துறையில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், எதை வாங்குவது, எங்கே தொடங்குவது? கேட்பவர்களில் சாட்ஸ்வர்த்திலும் டொங்காட்டிலும் பிறந்து வளர்ந்து இங்கேயே பி.காம். முடித்தவர்கள் இருக்கிறார்கள், சென்னையிலோ கோவையிலோ படிப்பை முடித்து, வேலை விசாவில் வந்து ஓரிரு ஆண்டே ஆனவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் நான் பரிந்துரைப்பது ஒரே சான்றிதழைத்தான். எழுத்தில் சிஐஎஸ்ஏ என்றும் பேச்சில் 'சீசா' என்றும் வழங்கும் தகவல் அமைப்புத் தணிக்கையாளர் சான்றிதழ் அது.

இதை வழங்கும் ஐசாக்கா என்னும் பன்னாட்டுத் தொழிலமைப்பு, கணினி அமைப்புகளின் கட்டுப்பாடுகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்த சிலரால் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது; சான்றிதழ் 1978-இல் வந்தது. ஆகவே இதன் வேரே தணிக்கையில்தான் இருக்கிறது. கணினி வலையமைப்பை நிறுவத் தெரிந்தவரைவிட, ஒரு ரசீதைக் கையில் எடுத்து "இதற்கு யார் ஒப்புதல் தந்தார்கள்?" என்று கேட்டுப் பழகியவருக்கு இது நெருக்கமானது. இதே அமைப்பு வழங்கும் மற்ற சான்றிதழ்களில் சிஐஎஸ்எம் பாதுகாப்புப் பிரிவை நிர்வகிப்போருக்கும், கிரிஸ்க் இடர் மேலாண்மையில் இருப்போருக்கும் உரியவை. அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கணக்காளர் அமைப்பின் சிஐடிபி என்னும் சான்றிதழ் அந்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்து அமைந்தது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தகவல் அமைப்புத் தணிக்கைப் படிப்பை முடித்து வந்தவர்கள் அதுவே இங்கும் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் கற்றவை தேர்வுக்கு நன்றாக உதவும். ஆனால் சிஐஎஸ்ஏ கேட்டு வெளியாகும் வேலை விளம்பரத்துக்கு அது ஈடாகாது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தச் சான்றிதழ் இருப்பதால் தென்னாப்பிரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நிதியறிக்கைத் தணிக்கையில் கையொப்பமிடும் உரிமை வந்துவிடாது. அது 2005-ஆம் ஆண்டின் தணிக்கைத் தொழில் சட்டப்படி, தணிக்கையாளர் ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியது. சிஐஎஸ்ஏ உங்கள் கணக்குத் தகுதியோடு சேர்ந்து நிற்பது; அதற்கு மாற்றாக வருவதன்று.

கணக்காளரை இது ஏன் தேடுகிறது

முன்பு கணினிப் பகுதியைத் தனியொரு குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, நிதித் தணிக்கையாளர் பேரேட்டோடு நின்றுகொள்ள முடிந்தது. திருத்தப்பட்ட 315-ஆம் பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலை, 2021 டிசம்பர் 15 அல்லது அதற்குப் பின் தொடங்கும் நிதிக்காலங்களுக்கு நடைமுறைக்கு வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. ஒரு தொகை எந்தக் கணினி அமைப்பின் வழியாகப் பேரேட்டுக்கு வருகிறது, அந்த அமைப்பில் என்ன இடர் இருக்கிறது, அந்த இடரை எந்தப் பொதுக் கட்டுப்பாடு (நுழைவுரிமை, மென்பொருள் மாற்றம், காப்புநகல் போன்றவற்றின் மேலான கட்டுப்பாடு) தடுக்கிறது என்பதையெல்லாம் நிதித் தணிக்கையாளரே புரிந்துகொண்டு பதிவு செய்ய வேண்டும்.

இந்நாட்டின் சட்டமும் நிறுவன ஆளுகை நெறியும் அதே திசையில் நகர்ந்திருக்கின்றன. நிறுவன ஆளுகைக்கான நெறிகளைத் தொகுத்து 2016-இல் வெளியான நான்காம் கிங் அறிக்கையின் பன்னிரண்டாம் கோட்பாடு, தொழில்நுட்பத்தையும் தகவலையும் ஆளும் பொறுப்பை நிறுவனத்தின் ஆளுகைக் குழுவின் மேல் வைத்தது. போப்பியா என்று நாம் சுருக்கிச் சொல்லும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு அளவில் அமலுக்கு வந்தது; அதன் 19-ஆம் பிரிவு தகவலைக் காக்கத் தக்க ஏற்பாடுகளைக் கேட்கிறது, 22-ஆம் பிரிவு தகவல் கசிந்தால் ஒழுங்குமுறை அதிகாரிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்கச் சொல்கிறது, தண்டத்தொகை ஒரு கோடி ராண்டு வரை போகலாம். அதே 2021 ஜூலையில், துறைமுகங்களையும் ரயில் சரக்குப் போக்குவரத்தையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு, டர்பன் துறைமுகத்தில் கொள்கலன் வேலைகளைக் கையால் எழுதி நடத்த வேண்டி வந்ததை இந்த ஊரில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு எழுதும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முதற்படி: உங்கள் அனுபவத்தைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலானவர்கள் புத்தகம் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் அனுபவச் சான்றில் தொடங்கச் சொல்கிறேன். ஏனெனில் தேர்வில் தேறினால் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. தகவல் அமைப்புத் தணிக்கை, கட்டுப்பாடு, உறுதியளிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றில் ஐந்தாண்டு வேலை செய்திருக்க வேண்டும்; அந்த வேலை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பத்தாண்டுக்குள் நடந்திருக்க வேண்டும்; அதை அறிந்த ஒருவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். தேர்வை முதலில் எழுதிவிட்டு அனுபவத்தைப் பிறகு சேர்க்கவும் விதி இடம் தருகிறது. தேறிய நாளிலிருந்து விண்ணப்பிக்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

ஐந்தாண்டு என்றதும் தளர்ந்துவிட வேண்டாம். கழிவுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகப் படிப்புக்கு, அதன் அளவைப் பொறுத்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்துக்கொள்ளலாம். ஏசிசிஏ என்னும் பிரித்தானியக் கணக்காளர் அமைப்பின் உறுப்பினருக்கும், சீமா என்னும் மேலாண்மைக் கணக்காளர் அமைப்பின் முழுத் தகுதி பெற்றவருக்கும் ஈராண்டு கழிவு உண்டு. எல்லாக் கழிவுகளையும் கூட்டினாலும் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்பது எல்லை. அதாவது எவ்வளவு படித்தவரானாலும் குறைந்தது ஈராண்டு மெய்யான வேலை செய்திருந்தே ஆக வேண்டும். விண்ணப்பப் படிவத்தை ஐசாக்காவின் தளத்திலிருந்து இப்போதே இறக்கி, உங்களுக்கு எத்தனை மாதம் குறைகிறது என்பதைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். இருப்பாய்வு போடாமல் இறுதிக் கணக்கு எழுத யாரும் உட்காருவதில்லை அல்லவா?

இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் தேர்வில் தேறியபோது, என் முதல் மூன்றாண்டு வேலையை உறுதிசெய்ய வேண்டிய மேலாளர் அந்த நிறுவனத்தை விட்டு, நாட்டையும் விட்டுப் போயிருந்தார். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவோ, என் பதவியின் பெயரையும் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் மட்டுமே எழுதித் தர முடியும் என்றது. பதவியின் பெயர் 'கணக்கு உதவியாளர்'. நான் மூன்றாண்டும் ஊதியப் பட்டியல் மென்பொருளின் நுழைவுரிமைகளைச் சரிபார்த்ததும், மாதந்தோறும் அதன் மொத்தங்களைப் பேரேட்டோடு ஒப்பிட்டதும் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. மேலாளரைத் தேடிப் பிடித்து, பழைய மின்னஞ்சல்களைக் காட்டி, நினைவூட்டி, படிவத்தில் கையொப்பம் வாங்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் தேறியவன். ஆனால் சான்றிதழ் பெற்றவன் அல்லன்.

ஆகவே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். மாதம், எந்தக் கணினி அமைப்பு, நீங்கள் பார்த்த கட்டுப்பாடு எது, அதற்குச் சாட்சியான ஆவணம் எது, மேற்பார்த்தவர் யார் என ஐந்து பத்திகள் போதும். நிறுவனத்தின் இரகசியத் தாள்களை வெளியே எடுத்துச் செல்ல வேண்டியதில்லை, எடுத்துச் செல்லவும் கூடாது. வேலையின் தன்மையை உங்கள் சொற்களில் எழுதி வைத்தால் போதுமானது. மேலாளர் இருக்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை, அந்தக் குறிப்பின் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி "இது சரிதானா?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதிசெய்பவர் உறவினராக இருக்கக்கூடாது. குடும்பத் தொழிலில் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அத்தகையோர், தங்கள் வேலையை நேரில் அறிந்த வெளித் தணிக்கையாளரையோ வாடிக்கை நிறுவனத்தின் நிதி மேலாளரையோ முன்கூட்டியே அணுக வேண்டும்.

இரண்டாம் படி: இருக்கும் இடத்திலேயே அனுபவத்தைத் தேடுங்கள்

"நான் வெறும் கணக்கு எழுதுபவன், எனக்கு எங்கே கணினித் தணிக்கை அனுபவம் கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் தங்கள் மேசையைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும். பாஸ்டல், சேஜ், சாப் போன்ற மென்பொருளில் கணக்கு நடக்கும் எந்த அலுவலகத்திலும் இந்த வேலை இருக்கிறது. செய்ய ஆள் இல்லாமல் கிடக்கிறது.

கணக்கு மென்பொருளின் பயனர் பட்டியலை அச்செடுத்து ஊதியப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலையை விட்டு ஆறு மாதம் ஆனவரின் கடவுச்சொல் இன்னும் உயிரோடு இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். புதிய வழங்குநரைக் கணக்கில் சேர்ப்பவரே அவருக்குப் பணம் அனுப்பவும் முடிகிறதா என்று பாருங்கள். நம் பழைய பணிப்பிரிப்பு விதி கணினிக்குள் எப்படி மீறப்படுகிறது என்பது அங்கே தெரியும். மென்பொருளின் புதிய பதிப்பு ஏற்றப்பட்டபோது யார் சோதித்தார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள், அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்று கேளுங்கள். கல்லாவின் விற்பனை மொத்தம் பேரேட்டுக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கே ஒரு விரிதாள் புகுகிறது, அந்த விரிதாளை யார் வேண்டுமானாலும் திருத்த முடியுமா என்றும் பாருங்கள்.

காப்புநகலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லா அலுவலகத்திலும் காப்புநகல் எடுக்கிறார்கள். அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தவர்கள் அரிது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்தின் நடுவே, தரைத்தளத்தில் சர்வரும் அதே அறையின் அலமாரியில் காப்புநகல் வட்டும் வைத்திருந்த சிறு நிறுவனங்கள் இரண்டையும் ஒருசேர இழந்து, வங்கி அறிக்கைகளிலிருந்து ஓராண்டுக் கணக்கை மீண்டும் எழுதியதை நான் நேரில் பார்த்தேன். உங்கள் நிறுவனத்தில் ஒரு மாதக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதன் இருப்பாய்வு அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். இது படிவத்தில் எழுதத்தக்க அனுபவம். அதைவிட முக்கியமாக, உங்கள் முதலாளிக்கு உண்மையில் பயன்படுவது.

இவை எதையும் எழுத்து அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். ஆர்வத்தில் பிறர் கடவுச்சொல்லை முயன்று பார்ப்பதும், தனக்கு உரிமையில்லாத கோப்புறையைத் திறப்பதும் 2020-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி குற்றமாகலாம். தணிக்கையாளர் பட்டியலைக் கேட்டு வாங்குகிறார். பூட்டை உடைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாம் படி: பணமும் பதிவும்

நான் இதை எழுதும்போது தேர்வுக் கட்டணம் ஐசாக்கா உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவருக்கு 760 டாலர். தேறிய பின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க 50 டாலர். உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு 145 டாலர்; அதோடு கிளைச் சந்தா சேரும். தென்னாப்பிரிக்காவுக்குத் தனிக் கிளை இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் உறுப்பினராகாதவருக்கு 810, ஆனவருக்கு 770-உம் கிளைச் சந்தாவும் என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பாடநூலும் பயிற்சி வினாத் தொகுப்பும் உறுப்பினருக்குக் குறைந்த விலையில் கிடைப்பதாலும், கிளையின் கூட்டங்களில் உங்களை உறுதிசெய்யக்கூடிய, வேலை தரக்கூடிய மனிதர்களைச் சந்திப்பதாலும், உறுப்பினராவதே மேல் என்பது என் கருத்து. எல்லாம் டாலரில் என்பதால் ராண்டின் ஏற்ற இறக்கம் உங்களைப் பாதிக்கும். பணம் கட்டும் வாரத்தில் மாற்று விகிதத்தைப் பாருங்கள்.

இந்தச் செலவை முழுவதும் உங்கள் கையிலிருந்து போட வேண்டியதில்லை. ஆண்டு ஊதியச் செலவு ஐந்து இலட்சம் ராண்டைத் தாண்டும் முதலாளிகள் அதில் ஒரு விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகச் செலுத்துகிறார்கள். பயிற்சித் திட்டத்தையும் ஆண்டறிக்கையையும் ஏப்ரல் 30-க்குள் தங்கள் துறைக்குரிய பயிற்சி ஆணையத்திடம் தரும் முதலாளிக்கு அந்த வரியில் ஐந்தில் ஒரு பங்கு மானியமாகத் திரும்ப வரும். கணக்கு, நிதித் துறைகளுக்கு அந்த ஆணையம் ஃபாசெட். திட்டம் எழுதப்படும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே மனிதவளப் பிரிவிடம் உங்கள் பெயரையும் இந்தச் சான்றிதழையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் போய்க் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் இடம் கிடைக்கும்.

பதிவின்போது தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: பெயர். தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஐசாக்கா கணக்கில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பட்டத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். அலுவலகத்திலோ எல்லோரும் வேறொரு சுருக்கப் பெயரால் அழைப்பார்கள். இங்கேயே பிறந்தவர்களிலும், அடையாள அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறுமாக இருப்பவர்கள் பலர். பழக்கத்தை ஒதுக்கிவிட்டு, கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணம் திரும்ப வராது.

பதிவு செய்தபின் ஐசாக்கா தரும் அவகாசத்துக்குள் தேர்வை எழுதிவிட வேண்டும். நாளை மாற்ற விரும்பினால் 48 மணி நேரத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பருவத்தில் எழுதுவது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. பிப்ரவரி இறுதியில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களைத் தணிக்கை செய்பவருக்கு ஜூலைக்குப் பின் மூச்சுவிட நேரம் கிடைக்கும். தனிநபர் வருமானவரித் தாக்கல் செய்து தருபவருக்கோ அதே ஜூலையில்தான் நெருக்கடி தொடங்குகிறது. நான் ஜூலையில் தொடங்கி அக்டோபர் இறுதியில் எழுதினேன். நடுவில் வந்த புரட்டாசியில் எங்கள் வீட்டில் விரதம். உறவுக்குள் விசேஷங்களும் குறைவு. வார இறுதிகள் படிப்புக்கு முழுதாகக் கிடைத்தன.

நான்காம் படி: படிப்பு

தேர்வு மொத்தம் 150 வினாக்கள், நான்கு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் வரும். 450 எடுத்தால் தேர்ச்சி. அந்த 450 விழுக்காட்டுக் கணக்கன்று என்பதால் எத்தனை வினா சரியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

2024 ஆகஸ்டு முதல் உள்ள பாடத்திட்டத்தில் ஐந்து பகுதிகள். தணிக்கைச் செயல்முறைக்கு 18 விழுக்காடு, தகவல் தொழில்நுட்ப ஆளுகைக்கும் மேலாண்மைக்கும் 18, அமைப்புகளைப் பெறுவதும் உருவாக்குவதும் நிறுவுவதும் 12, அன்றாட இயக்கமும் தொழில் தொடர்ச்சியும் 26, தகவல் சொத்துகளின் பாதுகாப்பு 26. முதலிரண்டு பகுதிகளில் கணக்காளருக்குப் புதிதாக அதிகம் இல்லை. மாதிரி எடுத்தல், சான்றின் தரம், இடரின் அடிப்படையில் திட்டமிடல் எல்லாம் நாம் அறிந்தவையே. கடைசி இரண்டும் சேர்ந்து பாதிக்கும் மேல். உழைப்பு அங்கேதான் போக வேண்டும். வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் என நான்கு மாதம் வைத்துக்கொண்டால், அதில் இரண்டரை மாதத்தை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

புதிய கருத்துகளை உங்களுக்குத் தெரிந்த கடைக்கணக்கில் வைத்துப் பார்த்தால் அவை பயமுறுத்தா. எடுத்துக்காட்டாக, தொழில் தொடர்ச்சியில் எல்லோரும் குழம்பும் இரண்டு சொற்கள் மீட்புப் புள்ளி இலக்கும் மீட்பு நேர இலக்கும். டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் ஒரு மசாலாக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேற்றிரவு எட்டு மணிக்குக் காப்புநகல் எடுத்தார்கள். இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கணினி செத்துப்போனது. காலை முதல் நடந்த விற்பனைப் பதிவு முழுவதும் போயிற்று. அத்தனை மணி நேரப் பதிவை இழப்பதைக் கடைக்காரர் தாங்குவாரா, ஒரு மணி நேரத்தைத்தான் தாங்குவாரா என்பது மீட்புப் புள்ளி. அது பின்னோக்கிப் பார்க்கிறது. எத்தனை முறை காப்புநகல் எடுப்பது என்பதை முடிவு செய்கிறது. கணினி மறுபடி ஓடும்வரை எத்தனை மணி நேரம் கையால் பில் எழுதி ஓட்ட முடியும் என்பது மீட்பு நேரம். அது முன்னோக்கிப் பார்க்கிறது. மாற்றுக் கணினியை எவ்வளவு அருகில் வைத்திருப்பது என்பதை முடிவு செய்கிறது. இப்படி ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் வினா எந்த உருவில் வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

இருசாவி மறையாக்கத்தையும் இப்படியே பிடித்துக்கொள்ளலாம். என் பொதுச்சாவியை ஊருக்கெல்லாம் தருகிறேன். அதால் பூட்டியதை என்னிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவிதான் திறக்கும். இரகசியமாக அனுப்ப வேண்டுமானால் பெறுபவரின் பொதுச்சாவியால் பூட்டுங்கள். அனுப்பியவர் யார் என்று நிறுவ வேண்டுமானால் அனுப்புபவர் தம் தனிச்சாவியால் ஒப்பமிட வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் அந்தப் பகுதியின் பெரும்பாலான வினாக்கள் அவிழும்.

தேர்வு ஆங்கிலத்திலும் பிரெஞ்சு உட்பட வேறு சில மொழிகளிலும் நடக்கிறது, தமிழில் இல்லை. ஆயினும் உங்கள் குறிப்புகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்று மனதார வேண்டுகிறேன். ஆங்கிலத் தொடரை மனப்பாடம் செய்தவர் அதே தொடரைத் தேடி ஏமாறுகிறார். கருத்தைத் தம் மொழியில் வீட்டாருக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர், வினா வேறு சொற்களில் வந்தாலும் அதை அடையாளம் கண்டுகொள்கிறார்.

பயிற்சி வினாக்களை எத்தனை முறை போட்டாலும், விடைக்குக் கீழே உள்ள விளக்கத்தைப் படிக்காமல் நகராதீர்கள். சரியாகப் போட்ட வினாவுக்கும் இது பொருந்தும். கணக்காளர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடத்தைக் காட்ட நானே ஒரு வினாவைக் கட்டித் தருகிறேன். சிறு நிறுவனம் ஒன்றில் நிரலாளர், நடப்பில் ஓடும் கணக்கு மென்பொருளுக்குள் தாமே மாற்றம் செய்யும் உரிமை வைத்திருப்பதைத் தணிக்கையாளர் காண்கிறார். முதலில் அவர் செய்ய வேண்டியது எது? அந்த உரிமையை உடனே நீக்கச் செய்வது, இயக்குநர் குழுவுக்கு அறிவிப்பது, இன்னொரு நிரலாளரை அமர்த்தப் பரிந்துரைப்பது, ஈடுசெய்யும் கட்டுப்பாடு ஏதேனும் உள்ளதா என்று பார்ப்பது என நான்கு விடைகள்.

நிதி மேலாளராக இருந்து பழகியவரின் கை முதல் விடைக்குப் போகும். சரியானது கடைசி விடை. சிறு நிறுவனத்தில் ஆளைப் பிரிக்க முடியாமல் இருக்கலாம். அதற்கு ஈடாக மேலாளர் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும் வாரந்தோறும் பார்த்துக் கையொப்பமிடுகிறாரா என்று அறியாமல் எதையும் அறிவிக்கவோ பரிந்துரைக்கவோ முடியாது. உரிமையை நீக்குவது நிர்வாகத்தின் வேலை. தணிக்கையாளர் அதைச் செய்தால் அடுத்த ஆண்டு தம் செயலையே தாம் தணிக்கை செய்பவராகிவிடுவார். என் முதல் மாதிரித் தேர்வுகளில் நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பங்கு இத்தகைய வினாக்களில் போனவை. வினாவில் பெரிய எழுத்தில் வரும் 'ஃபர்ஸ்ட்', 'பெஸ்ட்', 'மோஸ்ட்' போன்ற சொற்களை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, 'இங்கே நான் தணிக்கையாளர்' என்று மனத்தில் சொல்லிக்கொண்ட பிறகே விடைகளைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றே வாரத்தில் வேறுபாடு தெரிந்தது.

ஐந்தாம் படி: தேர்வு நாள்

தேர்வு மையத்துக்குப் போயும் எழுதலாம், வீட்டிலிருந்து இணையக் கண்காணிப்பிலும் எழுதலாம். வாய்ப்பிருந்தால் மையத்துக்கே போகச் சொல்வேன். மின்தடையும் இணையத் தடையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடங்களில், நான்கு மணி நேரத்தின் நடுவில் இணைப்பு அறுவதைப் போன்ற அலைக்கழிப்பு வேறில்லை. வீட்டில்தான் எழுத வேண்டுமென்றால் மடிக்கணினிக்கும் இணைய ரௌட்டருக்கும் தனித்தனியே மின்சேமிப்பு ஏற்பாடு செய்து, அதே அறையில் அதே நேரத்தில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள். மேசையில் எதுவும் இருக்கக்கூடாது; அறைக்குள் வேறு யாரும் நுழையக்கூடாது. கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் இதை முன்னதாகவே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வினாவுக்கு 96 வினாடி கிடைக்கிறது. முதல் சுற்றில் தெரிந்தவற்றை முடித்து, ஐயமுள்ளவற்றைக் குறியிட்டுவிட்டு நகருங்கள்; எதையும் விடை தராமல் விடாதீர்கள். இடையில் எழுந்து போனால் கடிகாரம் நிற்காது. முடித்தவுடன் தற்காலிக முடிவு திரையில் தெரியும்; அதிகாரபூர்வ மதிப்பெண் பத்து வேலை நாளுக்குள் வந்து சேரும்.

தேறாவிட்டால், முதல் முறைக்குப் பின் 30 நாளும், இரண்டாம், மூன்றாம் முறைகளுக்குப் பின் 90 நாளும் காத்திருக்க வேண்டும்; பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தம் நான்கு முறை எழுதலாம். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். மதிப்பெண் அறிக்கை ஐந்து பகுதிகளிலும் நீங்கள் நின்ற நிலையைத் தனித்தனியே காட்டும். மிகக் குறைந்த பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

ஆறாம் படி: தேறிய பின்

தேர்வில் தேறிய அன்றே பெயருக்குப் பின்னால் சிஐஎஸ்ஏ என்று போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் ஏற்கப்படும் வரை அந்த எழுத்துகளைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கில்லை. நெறிமுறைக்கு உடன்பட்டுக் கையொப்பமிடும் ஒரு தொழிலில் அப்படித் தொடங்குவது தகாது. தன்விவரக் குறிப்பில் 'தேர்வில் தேர்ச்சி' என்று ஆண்டோடு எழுதலாம். முதற்படியில் தொடங்கிய குறிப்பேடு இப்போது பயன்படும். அதிலிருந்து படிவத்தை நிரப்பி, உறுதிசெய்பவருக்கு அனுப்பி, கட்டணம் கட்டினால் வேலை முடிந்தது.

சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ள ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 20 மணி நேரமும், மூன்றாண்டில் மொத்தம் 120 மணி நேரமும் தொடர்கல்வி காட்ட வேண்டும். ஆண்டுக்கு இருபது என்று மட்டும் போய்க்கொண்டிருந்தால் மூன்றாண்டில் அறுபதுதான் வரும். மூன்றாம் ஆண்டு டிசம்பரில் அறுபது மணி நேரத்தைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. ஆகவே ஆண்டுக்கு நாற்பது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிமிடம் ஒரு மணி நேரமாகக் கொள்ளப்படும். உங்கள் கணக்காளர் அமைப்புக்காக நீங்கள் போகும் பயிற்சியும், தகவல் அமைப்போடு தொடர்புடையதானால், இங்கும் செல்லும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உறுப்பினருக்கு 45 டாலர், மற்றவருக்கு 85. எவரையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தொடர்கல்விச் சான்றுகளைக் கேட்பார்கள் என்பதால், கலந்துகொண்ட ஒவ்வொரு வகுப்பின் சான்றையும் அன்றே ஒரு கோப்புறையில் போட்டு, தேதியையும் மணி நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். அந்தக் கோப்புறைக்கும் ஒரு காப்புநகல் வேறிடத்தில் இருக்கட்டும்.